கடி அடங்கிய இரவு

(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்கள் வீட்டில் விடிந்ததும் முதல் வேலை என் படுக்கை விரிப்பை உதறுவதுதான். அம்மா அதைச் சுருட்டிக் கிணற்றடிக்கு எடுத்துப் போய், வாழைப் பாத்தியின் மேல் இரண்டு தரம் உதறுவார். தவிட்டைத் தூவியது போலச் செதில் பறக்கும். பிறகு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்து இரத்தப் பொட்டுகளைத் தேடுவார். பொட்டு குறைவென்றால், "இண்டைக்குப் பிள்ளை கொஞ்சம் நித்திரை கொண்டிருக்கிறாள்" என்று அப்பாவிடம் சொல்லுவார். கூடினால் ஒன்றும் சொல்லமாட்டார்.

பெரியோர்களே, தாய்மாரே, என்னோடு படித்தவர்களே, நான் வைத்தியர் அல்ல. 1972இல் வடமராட்சியில் பிறந்து, 1997இல் லண்டன் போய்ச் சேர்ந்து, பிறந்த ஆறாம் மாதத்திலிருந்து ஒரே தோல் வருத்தத்தோடு வாழ்ந்துவருபவள். எக்சிமா என்பார்கள். எங்கள் ஊரில் கரப்பன். அந்த வருத்தத்தைப் பற்றியும், 2019இல் எனக்குக் கிடைத்த விலைகூடிய ஓர் ஊசியைப் பற்றியும் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊசியைப் பற்றிக் கேட்கத்தான் பலர் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கு வருவேன். அதற்கு முதல் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தியாவில் அரிப்பு என்பார்கள். நாங்கள் கடி என்போம். "மேல் எல்லாம் கடிக்குது" என்போம். எனக்குத் தெரிந்து இந்த வருத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறெந்த மொழியிலும் இல்லை. எக்சிமா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொங்கி வழிதல் என்று பொருள். அது பார்க்கிறவர் வைத்த பெயர். கடி என்பது அனுபவிக்கிறவர் வைத்த பெயர். தோலுக்குக் கீழே ஏதோ இருந்துகொண்டு பல்லால் பிடிக்கிறது. நகத்தால் அதை எட்ட முடியாது. எட்ட முடியாதென்று தெரிந்தும் கை போகும். நித்திரையிலும் போகும். "சொறியாதை, சொறியாதை" என்று சொல்லாத ஆள் என் வாழ்க்கையில் இல்லை. தாகத்தில் தவிக்கிறவரிடம் தண்ணீரை நினைக்காதே என்று சொல்வது போன்றது அது. ஆனால் சொன்ன எல்லாரும் அன்பால்தான் சொன்னார்கள்.

காரணங்களையும் அன்பால்தான் தேடினார்கள். முதலில் கிரந்தி, அதாவது தோலுக்கு ஆகாத சாப்பாடு. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, அன்னாசி கிரந்தி, கணவாயும் கிரந்தி. எட்டு வயதுக்குள் என் கோப்பையில் சோறும் பருப்பும் புடலங்காயும்தான் மிச்சம். அண்ணாவின் கோப்பையில் நண்டுக் குழம்பு இருக்கும். ஒருநாள் ஒளித்து ஒரு கால் எடுத்துத் தின்றேன். அன்றிரவு கடித்தது. அதற்கு முந்தைய இரவும் கடித்ததுதான், தின்னாத எல்லா இரவுகளிலும் கடித்ததுதான். ஆனால் அந்த ஓர் இரவு மட்டும் என் குற்றமாகிவிட்டது.

கிரந்திக்கு அடுத்தது பாவம். எங்கள் பூட்டனார் ஒருவர் நாகத்தை அடித்தாராம். அதற்காக நயினாதீவுக்கு நேர்த்தி வைத்து, வள்ளத்தில் போய்ப் பால் வைத்துவிட்டு வந்தோம். பிறகு கீரிமலைத் தீர்த்தம். மாவிட்டபுரத்துக் கதை உங்களுக்குத் தெரியும்: குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி அந்தத் தீர்த்தத்தில் மூழ்கி முகம் மாறினாள். கீரிமுகத்தோடு வந்த நகுல முனிவருக்கும் அங்கேதான் மாறியது. எனக்கு அப்போது பத்து வயது. கடலோரத்துக் கேணியில் கழுத்து மட்டும் இறங்கி நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கடி நின்றது. குளிர்ந்த நீர் அப்படித்தான் செய்யும். வெளியே வந்து காற்றுப்பட்டுத் தோல் காய்ந்ததும் நெருப்பாய் எரிந்தது. "முழு நம்பிக்கையோடை மூழ்கினியா?" என்று கூட வந்த மாமி கேட்டார். இல்லையோ என்று பல வருடம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. வெள்ளைச் சட்டையின் முழங்கை மடிப்பில் நீர் கசிந்து ஒட்டிக் காயும். பின்னேரம் கழற்றும்போது தோலும் சேர்ந்து உரியும். பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றும் என்று ஓர் ஆசிரியை என்னைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினார். இது தொற்றும் வருத்தம் அல்ல. இந்த மண்டபத்தில் ஆசிரியர்கள் இருந்தால் இந்த ஒரு வசனத்தை மட்டுமாவது வகுப்புக்குக் கொண்டு போங்கள்: எக்சிமா தொற்றாது.

1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் பொன்னுக்குச் சமமாகியது உங்களுக்கு நினைவிருக்கும். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தோம். அந்த விளக்கு வெளிச்சத்தில் அம்மா என் கைகளுக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டுவார், நித்திரையில் சொறியாதிருக்க. மருந்துக்கடையில் பூசுவதற்கு ஒன்றுமில்லை, தேங்காய் எண்ணெய்தான். ஆனால் அந்தக் காலத்தில் என் தோல் முந்தியளவு மோசமாக இருக்கவில்லை. ஏனென்று அப்போது விளங்கவில்லை. முந்தி நாளுக்கு இரண்டு தரம் நுரைக்க நுரைக்கச் சவர்க்காரம் போட்டு, "அழுக்குப் போனால்தான் கடி போகும்" என்று தேய்த்துக் குளிப்பாட்டிய தோலுக்கு, அது இல்லாமற் போனது ஒரு விடுதலையாக இருந்திருக்க வேண்டும். தடையை நல்லதென்று சொல்லவில்லை. அதில் மருந்தில்லாமல் இறந்தவர்களை நாங்கள் அறிவோம். தோல் எனக்குச் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் நானும் நின்றேன். பசி, பயம், எல்லாருக்கும் போலத்தான். என்னிடம் மேலதிகமாக இருந்தது நனைந்த உடுப்பு உரசிய முழங்கால் மடிப்புகள். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும்போது கடிக்கிறதென்று சொல்ல வெட்கம். அன்றிலிருந்து இந்த வருத்தத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று ஒரு பழக்கம் வந்தது. இன்றைக்குத்தான் அதை உடைக்கிறேன்.

இப்போது தோலைப் பற்றி. எங்கள் வீட்டு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். கிடுகோ பனையோலையோ, வருடத்துக்கு ஒரு தரம் அடைக்காவிட்டால் பொட்டு விழும். பொட்டு விழுந்தால் ஆடு வரும், கோழி போகும், வளவுக்குள் நிற்கும் நாய் இராப்பகலாய்க் குரைக்கும். தோலின் மேற்படை அப்படியொரு வேலி. அதைக் கட்டும் பொருள்களில் ஒன்று ஃபிலாக்ரின் என்ற புரதம். அதன் மரபணுவில் உள்ள குறை சிலருக்கு இந்த வருத்தத்தைக் கொண்டுவருகிறது என்று 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லா எக்சிமாக்காரருக்கும் அந்தக் குறைதான் என்றில்லை. ஆனால் வேலி பலவீனம் என்பது எல்லாருக்கும் பொது. ஈரம் வெளியே போகிறது. தூசும் கிருமியும் சவர்க்காரமும் உள்ளே வருகின்றன. உள்ளே நிர்ப்பீடனக் கலங்கள் குரைக்கத் தொடங்குகின்றன. அந்தக் குரைப்பின் பெயர்கள் இன்ரலூக்கின் 4, இன்ரலூக்கின் 13. குடலில் புழு நுழைந்தால் விரட்டுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. எங்களுக்கு அது புழுவில்லாமலே ஓயாமல் ஒலிக்கிறது. ஒலிக்க ஒலிக்கத் தோல் தடிக்கிறது, வேலி இன்னும் பிய்கிறது, நரம்பு நுனிகள் கூர்மையாகிக் கடி கூடுகிறது. சொறிந்தால் பொட்டு பெரிதாகிறது.

எங்கள் தண்ணீரைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வரும் கிணற்றுநீர், கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் நீர். அதுவா காரணம்? வன்னீர் உள்ள இடங்களில் பள்ளிப் பிள்ளைகளிடம் எக்சிமா கூடக் காணப்படுகிறது என்று இங்கிலாந்தின் நொட்டிங்ஹம் பகுதியில் நடந்த ஆய்வொன்று 1998இல் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு, வருத்தமுள்ள 336 பிள்ளைகளை எடுத்து, பாதிப்பேரின் வீடுகளில் நீரை மென்மையாக்கும் கருவி பூட்டிப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது: கருவி பூட்டியதால் வருத்தத்தில் வித்தியாசமில்லை. ஆகவே தண்ணீருக்காக யாரும் கருவி வாங்கக் கடன்படாதீர்கள். சுடுதண்ணீரைத் தவிருங்கள், சவர்க்காரத்தைக் குறையுங்கள், குளித்துத் துவட்டிய கையோடு ஈரம் காய முதல் பூசுங்கள். வேலியை அடைக்கிற வேலை அதுதான். வருடத்துக்கு ஒருதரம் அல்ல, நாளுக்கு இரண்டு தரம்.

லண்டனில் வைத்தியம் ஒழுங்காகக் கிடைத்தது. ஆனாலும் இருபது வருடம் போனது. ஸ்டீரொயிட் களிம்புகள், பிறகு புற ஊதாக்கதிர்ச் சிகிச்சை, பிறகு சைக்ளோஸ்போரின். நோர்வேயின் மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சணத்தில் கிடைத்த மருந்து அது, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குக் கொடுப்பது. எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரகக் கணக்கு மாற, நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மெதொட்ரெக்ஸேட். ஓரளவு கேட்டது, பிறகு ஈரல் பரிசோதனை சரியில்லை என்றார்கள். 2018 ஓகஸ்டில் பிரித்தானிய அரச சுகாதார சேவைக்கு ஆலோசனை சொல்லும் நைஸ் அமைப்பு, இப்படி ஒரு மாத்திரையாவது பலனளிக்காமற் போனவர்களுக்கு டுபிலுமாப் என்ற ஊசியைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் அது 2017 மார்ச்சில் அனுமதி பெற்றிருந்தது. என் முறை 2019இல் வந்தது.

முதல் நாள் இரண்டு ஊசி. தாதி அவற்றைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, குளிர் போக முக்கால் மணித்தியாலம் காத்திருக்கச் சொன்னார். நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் மஞ்சள் பாய்ந்த நீர், இளநீர் பழுதாகத் தொடங்கும் நிறம். ஒவ்வொன்றிலும் 300 மில்லிகிராம். அது ஒரு பிறபொருளெதிரி, புரதம். விழுங்கினால் இறைச்சியைப் போல வயிற்றில் சமித்துப் போய்விடும், அதனால்தான் ஊசி. சீன ஹாம்ஸ்டர் என்ற சிறு விலங்கின் சூலகக் கலங்களைப் பெரிய கலன்களில் வளர்த்து அவற்றைக் கொண்டு செய்விக்கிறார்கள். உடம்புக்குள் போய் இன்ரலூக்கின் 4உம் 13உம் வந்து தட்டும் கதவில் தான் உட்கார்ந்துகொள்கிறது. நாய் குரைக்கும், ஆனால் வீட்டுக்குள் கேட்காது. வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்தினார். எரிந்தது. பத்து விநாடி. அடுத்த ஊசியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு வீட்டில் நானே போடப் பழகினேன்.

இரண்டாவது தவணை ஊசிக்குப் பிறகு ஓர் இரவு. கணவர் திடீரென எழும்பி விளக்கைப் போட்டார். "என்ன?" என்றேன். "ஒண்டுமில்லை. சத்தம் இல்லை, அதுதான் பாத்தனான்" என்றார். இருபது வருடம் என் நகம் தோலைக் கீறும் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்தவர் அவர். சத்தம் நின்றது அவரை எழுப்பிவிட்டது. நான் கையைப் பார்த்தேன். கை நெஞ்சில் கிடந்தது. அது எங்கும் போகவில்லை. காலையில் விரிப்பை எடுத்து உதறினேன், பழக்கத்தில். ஒன்றும் பறக்கவில்லை. அந்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அம்மா அதைப் பார்க்க இல்லை.

எல்லாருக்கும் இப்படி நடக்காது. இதை நான் சொல்லாமல் போனால் பிழை. அனுமதிக்கு முன் நடந்த இரண்டு பெரிய பரிசோதனைகளில் 1,379 பேர் கலந்துகொண்டார்கள். 16 வாரத்தில் தோல் முற்றாகவோ ஏறத்தாழ முற்றாகவோ தெளிந்தவர்கள், இரு வாரத்துக்கொரு ஊசி போட்டவர்களில் 38 வீதமும் 36 வீதமும். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 10 வீதமும் 8 வீதமும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் நூறு பேரில் அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தளவு தெளியவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. எனக்குக் கண் சிவந்து எரிந்தது. இந்த ஊசிக்காரர் பலருக்கு வரும் பக்கவிளைவு அது, கண் துளிமருந்தோடு சமாளித்தேன். ஊசியை நிறுத்தினால் வருத்தம் பெரும்பாலும் திரும்பி வரும். குணப்படுத்தும் மருந்தல்ல, அடக்கி வைக்கும் மருந்து.

அந்த ஊசி என் தோலுக்குச் செய்ததைவிடப் பெரிதாக ஒன்று செய்தது. அதைச் சொல்லத்தான் நான் உண்மையில் இங்கு வந்தேன். ஒரே ஒரு கதவை அடைத்ததும் நாற்பத்தேழு வருடக் கடி நின்றதென்றால், நண்டுக்கால் தின்றது காரணமில்லை. பூட்டனார் நாகத்தை அடித்தது காரணமில்லை. கீரிமலையில் நம்பிக்கை குறைந்தது காரணமில்லை. சொறியாமல் இருக்கும் மனவுறுதி எனக்கு இல்லாமற் போனதும் காரணமில்லை. ஊசி போட்ட பிறகு என் மனவுறுதி கூடவில்லை. அதே ஆள்தான். கை போகவில்லை, ஏனென்றால் கடிக்கவில்லை. அம்மா தன் வயிற்றில்தான் ஏதோ பிழை என்று கடைசிவரை நினைத்தார். அவருக்கு இதைச் சொல்ல நான் பிந்திவிட்டேன். உங்கள் வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், இன்றிரவே சொல்லுங்கள்: "இது உன்ரை பிழை இல்லை." ஊசிக்கு விலை இருக்கிறது, இந்த வார்த்தைக்கு இல்லை.

விலைக்கு வருவோம். 2018இல் பிரித்தானியாவில் அறிவித்த பட்டியல் விலை, இரண்டு ஊசிக்கு 1,264 பவுண் 89 பென்ஸ். அரச சேவைக்குக் கழிவு விலை உண்டு, அது இரகசியம். பட்டியல் விலைப்படி வருடத்துக்கு 16,000 பவுணுக்கு மேல். ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்தால், ஓர் ஊசி இரண்டரை இலட்சம், ஒரு வருடம் அறுபது இலட்சத்துக்கு மேல். நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அந்த நாட்டில் வரி கட்டுகிற எல்லாரும் எனக்காகக் கொடுத்தார்கள். 16 வாரத்தில் தோலின் பாதிப்பு பாதியாகவாவது குறைந்ததா, அன்றாட வாழ்க்கைக் கஷ்டத்தின் கணக்கு நான்கு புள்ளியாவது இறங்கியதா என்று அளந்து பார்த்துத்தான் தொடர விட்டார்கள். அது நியாயம் என்று நினைக்கிறேன். பொதுப்பணம் அளந்துதான் போக வேண்டும்.

என் பெறாமகளுக்கும் இதே வருத்தம். அக்காவின் மகள். இங்கே யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. ஒரே இரத்தம், ஒரே தோல். எனக்கு நித்திரை கிடைத்த அதே வாரங்களில் அவள் விடியப்புறம் மூன்று மணிக்கும் விழித்திருந்து தொலைபேசியில் பேசினாள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து காசு போடுவோம் என்றார்கள். அக்கா சீதனக் காணியை விற்கலாமா என்று கேட்டா. நான் வேண்டாம் என்றேன். எனக்குக் கிடைத்ததை அவளுக்கு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்கள் ஊகிப்பீர்கள். ஆனால் காணி விற்ற காசு இரண்டு வருடம் வரும். அதற்குப் பிறகு? 2022 போல ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றால், 2க்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டிய மருந்தை எங்கே வைப்பாள்?

இந்த விலை இயற்கையின் விதி அல்ல. ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டியளவு செய்யும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். 1984இல் நொபெல் பரிசு பெற்ற அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. இன்றைய இந்த ஊசிகள் எல்லாம் அந்தத் திறந்த வாசலால் வந்தவை. எங்கள் நாட்டிலும் ஒருவர் இருந்தார்: பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர், அதன் முதல் தலைவர். வணிகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் எழுது, மொத்தமாகக் கேள்வி கோரி வாங்கு, தேவையானதை மட்டும் வாங்கு என்றவர். அந்த வழியை உலகமே திரும்பிப் பார்த்தது. பிறபொருளெதிரி ஊசிகளிலும் விலை இறங்கிய வரலாறு உண்டு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் அடாலிமுமாப் ஊசிக்கு ஒத்த மருந்தை இந்தியாவின் சைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் அமெரிக்க விலையின் ஐந்திலொரு பங்குக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 2018இல் போட்டி வந்து அங்கும் விலை விழுந்தது. டுபிலுமாப்புக்கும் அந்த நாள் வரும். வரும்போது எங்கள் அரசு வாங்க வேண்டும் என்று கேட்க, இந்த வருத்தம் பாரமானது என்பதை நாங்கள் இப்போதே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டு மூடிக்கொண்டிருப்பவர்களுக்காக யாரும் மருந்து வாங்கமாட்டார்கள்.

அதுவரைக்கும் பெறாமகள் என்ன செய்தாள்?

முதலில் அவளுக்கு இது எக்சிமாதான் என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. கடிக்கிறதெல்லாம் எக்சிமா அல்ல. வீட்டில் எல்லாருக்கும் இரவில் கடித்தால், விரலிடுக்கில் கொப்புளம் இருந்தால், அது சொறிச்சிரங்காக இருக்கலாம். அது தொற்றும், முழுக் குடும்பத்துக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். தோட்டத்தில் பாதீனியம் பிடுங்குகிறவர்களுக்கு முகமும் கழுத்தும் கையும் தடித்துக் கடிப்பது இன்னொரு வகை. தோல் வைத்திய நிபுணர் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

அவளிடம் இருந்த பெரிய பயம் ஸ்டீரொயிட் களிம்பு. "தோல் மெலியும்" என்று யாரோ சொன்னதால், குண்டூசி முனையளவு எடுத்துப் பூசுவாள். கேட்காது. பிறகு பாமசியில் பெயர் சொல்லிக் கலவைக் களிம்பு ஒன்றை வாங்கி முகத்தில் மாதக்கணக்கில் பூசினாள். அதுதான் உண்மையில் ஆபத்து. அளவு எவ்வளவு என்று நான் காட்டினேன், இப்போது உங்களுக்கும் காட்டுகிறேன். குழாயை அமுக்கி, சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு. இது ஏறத்தாழ அரைக் கிராம். இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு, விரல்களையும் சேர்த்து, இவ்வளவு போதும், இவ்வளவு வேண்டும். எந்தப் பலமுள்ள களிம்பு, எந்த இடத்துக்கு, எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பயந்து குறைக்கக் கூடாது, ஆசைப்பட்டு நீட்டக் கூடாது.

இரவில் ஈரக் கட்டு. பூசிய பிறகு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைக் கையிலும் காலிலும் சுற்றி, அதன் மேல் காய்ந்த துணி. லண்டனில் இதற்கென்று குழாய்த் துணி விற்கிறார்கள். இங்கே அக்கா பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினா. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் அம்மா சுற்றிய அதே துணி. அம்மாவுக்குத் தெரியாமற் போனது, முதல் சுற்றை நனைக்க வேண்டும் என்ற ஒன்றுதான்.

அதோடும் அடங்காதபோது மெதொட்ரெக்ஸேட் குளிசை. எனக்கு ஈரல் இடம் கொடாத அந்த மருந்து அவளுக்குக் கேட்டது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் கடும் எக்சிமா உள்ள 103 பிள்ளைகளில் சைக்ளோஸ்போரினையும் இதையும் ஒப்பிட்டு 2023இல் முடிவு வெளியிட்டார்கள். சைக்ளோஸ்போரின் விரைவாகக் கேட்டது. மெதொட்ரெக்ஸேட் மெதுவாகக் கேட்டாலும், நிறுத்திய பிறகும் அதன் பலன் நின்று பிடித்தது. பழைய மருந்து, மலிவான மருந்து. ஆனால் ஒன்றை இரண்டு தரம் சொல்கிறேன்: இது கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் குளிசை. கிழமைக்கு ஒருநாள். நாளாந்தம் எடுத்தால் உயிரே போகும். கர்ப்பமாக இருக்கிறவர்களும் ஆகப் போகிறவர்களும் எடுக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. அவள் திங்கட்கிழமை எடுப்பாள். நாட்காட்டியில் திங்கள் எல்லாம் சிவப்பு வட்டம்.

அவளுக்கு முற்றாகத் தெளியவில்லை. எனக்குக் கிடைத்த அந்த முழு மௌனம் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதைச் சரியென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் கிழமையில் நான்கு, ஐந்து இரவு நித்திரை கொள்கிறாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டால், அவள் எழுதி வைக்கிறாள். நொட்டிங்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஏழு கேள்விகள் இருக்கின்றன. போன கிழமை எத்தனை நாள் கடித்தது? எத்தனை இரவு நித்திரை கெட்டது? எத்தனை நாள் இரத்தம் கசிந்தது? நீர் வடிந்தது? வெடித்தது? செதில் உதிர்ந்தது? வறண்டு சொரசொரத்தது? ஒரு நாளுமில்லை என்றால் 0, ஒன்றிரண்டு நாளென்றால் 1, மூன்று நான்குக்கு 2, ஐந்து ஆறுக்கு 3, ஒவ்வொரு நாளும் என்றால் 4. மொத்தம் 28. வைத்தியரிடம் "கூடக் கடிக்குது" என்று சொல்வதைவிட "22 புள்ளி" என்று சொன்னால் அவருக்கு உடனே விளங்கும். அதை முதலில் வாசித்தபோது நான் திகைத்துப்போனேன். செதில், இரத்தம், நித்திரை. இந்த ஏழில் மூன்றை என் அம்மா வாழைப் பாத்திக்கு மேலே நின்று நாள்தோறும் கணக்கெடுத்தவர்.

கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்றையும் சத்திர வைத்தியத்தையும் தமிழ் நூலாக்கினார். ஆகவே ஏழு கேள்வியைத் தமிழாக்குவது எங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. அரிப்பு என்று வரும் இடத்தில் கடி என்று போட்டோம்.

பெறாமகள் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறாள். அவளைப் பற்றிப் பேச அனுமதி தந்துதான் வந்திருக்கிறாள். அவளிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. அதில் ஏழு கேள்விகளும் எழுதி, ஐம்பத்திரண்டு கிழமைக்குக் கட்டம் போட்டிருக்கிறாள். பார்த்து எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் போகும்போது அவளிடம் கேளுங்கள். பேனை கொண்டுவராதவர்களுக்கு என்னிடம் இருக்கிறது.